போர்ட் பிளேரின் நேதாஜி விளையாட்டரங்கம்: வரலாறும் பயனும்

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் தலைநகரான போர்ட் பிளேர், 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்னும் புதுப்பெயரைப் பெற்றுள்ளது. மேடும் பள்ளமுமாக அமைந்த நகரம் இது. தெருக்கள் குன்றின்மேல் ஏறும்; அடுத்த வளைவிலேயே கடலை நோக்கி இறங்கும். இத்தகைய நகரில் சமதளமான நிலம் அரிய பொருளாகும். அபர்தீன் பகுதியில், செல்லுலார் சிறை அமைந்துள்ள குன்றின் அடிவாரத்தில், கடலுக்கு அண்மையில் உள்ள நேதாஜி விளையாட்டரங்கம் அத்தகைய அரிய நிலங்களுள் ஒன்று. முற்காலத்தில் இதற்கு ஜிம்கானா மைதானம் என்று பெயர்.

கால்பந்தாட்டம் இம்மைதானத்தின் பயன்களில் ஒன்றே. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் அணிவகுப்பு நடைபெறுவது இங்கேதான். நாட்டுத் தலைவர்கள் வரும்போது மக்கள் கூடுவதும் இங்கேதான். நம் நாட்டின் விடுதலை வரலாற்றில் மறக்கவொண்ணாத சில நாட்களையும் இத்தரை கண்டிருக்கிறது. பல கடமைகளை ஒரே நிலத்தின் மீது சுமத்தும்போது எந்தக் கடமை பின்தள்ளப்படுகிறது என்பது திட்டமிடுவோர் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வியாகும். இம்மைதானத்தின் வரலாற்றையும் பயன்களையும் அந்த நோக்கிலேயே இக்கட்டுரை ஆராய்கிறது.

கைதிகளின் உழைப்பில் எழுந்த நகரம்

ஆர்ச்சிபால்டு பிளேர் என்னும் கடற்படை அதிகாரி 1789ஆம் ஆண்டில் இத்துறைமுகத்தில் முதல் குடியேற்றத்தை அமைத்தார். அது பின்னர் வடக்கே மாற்றப்பட்டு, நோயின் கொடுமையால் 1796இல் கைவிடப்பட்டது. 1857ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்குப் பின், 1858 மார்ச்சில் 200 கைதிகளுடன் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியது. காட்டை வெட்டியதும், சதுப்பு நிலங்களைத் தூர்த்ததும், சாலையும் துறையும் அமைத்ததும் கைதிகளின் கைகளே. இன்று நாம் நடக்கும் நகரத்தின் அடித்தளம் அவர்களது கூலியில்லா உழைப்பில் எழுந்தது என்றால் மிகையாகாது.

இந்நிலத்தின் முதல் உரிமையாளர்களான அந்தமான் பழங்குடியினர் இதை எதிர்க்காமல் இல்லை. 1859 மே மாதத்தில் அவர்கள் வில்லும் அம்பும் ஏந்தி அபர்தீனைத் தாக்கினர். துப்பாக்கிக்கு எதிரே அவர்களால் நிற்க இயலவில்லை. அப்போரின் நினைவுத்தூண் இம்மைதானத்துக்கு அண்மையில் கடற்கரையோரம் உள்ளது.

ஜிம்கானா என்னும் சொல், ஆங்கிலேயர் ஆட்சியில் அதிகாரிகளும் படையினரும் பொழுதுபோக்கிய விளையாட்டு மன்றங்களைக் குறித்தது. சென்னையில் 1884இல் தொடங்கிய ஜிம்கானா கிளப் இதற்கு நாமறிந்த சான்று. கால்பந்தாட்டம் நம் நாட்டுக்கு வந்ததும் படைமுகாம்களின் வழியாகவே. சிம்லாவில் 1888இல் தொடங்கப்பட்ட டியூராண்டு கோப்பைப் பந்தயம் படையணிகளுக்கெனவே ஏற்பட்டதாகும். தீவுகளின் தலைமையகம் அப்போது எதிர்க்கரையிலிருந்த ராஸ் தீவில் இருந்தது. அபர்தீன் குன்றின் மேலே 1896 முதல் 1906 வரை எழுந்த சிறையோ ஏழு சிறகுகளைக் கொண்டு கடலைப் பார்த்து நின்றது.

1911 ஜூலை 29ஆம் நாள் கல்கத்தாவில் மோகன் பகான் அணியினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2-1 என்னும் கணக்கில் வென்று கேடயத்தைப் பெற்றனர். வங்கமே விழாக்கோலம் பூண்ட அந்நாளில், அலிப்பூர் வழக்கில் தண்டனை பெற்ற வங்க இளைஞர்கள் இக்குன்றின் மேலுள்ள தனிக்கொட்டடிகளில் அடைபட்டுக் கிடந்தனர். விளையாடும் உரிமையும் விடுதலை வேட்கையும் நம் நாட்டில் எவ்வளவு நெருங்கியவை என்பதை இவ்விரு காட்சிகளும் உணர்த்துகின்றன.

மூன்று ஆண்டுகள், மூன்று காட்சிகள்

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படை 1942 மார்ச் 23ஆம் நாள் போர்ட் பிளேரைக் கைப்பற்றியது. 1943 நவம்பரில், அந்தமான் நிக்கோபார்த் தீவுகள் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசிடம் ஒப்படைக்கப்படும் என்று டோக்கியோவில் அறிவிக்கப்பட்டது. அவ்வரசின் தலைவரான நேதாஜி சுபாஷ் சந்திர போஸ், டிசம்பர் இறுதியில் இங்கு வந்தார். 1943 டிசம்பர் 30ஆம் நாள் ஜிம்கானா மைதானத்தில் மூவர்ணக் கொடியை ஏற்றினார். இந்திய மண்ணில் ஆங்கிலேயரின் பிடி அகன்ற ஓரிடத்தில் தம் கொடி பறப்பதைக் கண்ட மக்களின் உள்ளக் கிளர்ச்சியை நாம் ஊகித்துக்கொள்ளலாம். தீவுகளுக்கு ஷகீத், சுவராஜ் என்று அவர் பெயரிட்டார்.

அந்நாளின் மறுபக்கத்தையும் வரலாறு மறைக்கவில்லை. இந்திய விடுதலைக் கழகத்தின் இங்குள்ள தலைவரான மருத்துவர் திவான் சிங், அதே வேளையில் ஒற்றர் என்னும் பொய்ப்பழியின்பேரில் சிறையில் வதைக்கப்பட்டுக்கொண்டிருந்தார். மைதானத்தில் கொடி பறந்த இரு வாரங்களில், 1944 ஜனவரி 14ஆம் நாள், அவர் உயிர் நீத்தார். அம்மாதம் 30ஆம் நாள் ஹம்ஃப்ரிகஞ்சில் 44 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். பிப்ரவரியில் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்க வந்த இந்திய தேசிய இராணுவத்தின் மேஜர் ஜெனரல் ஆற்காடு துரைசாமி லோகநாதனிடம் கல்வித்துறை தவிர வேறு அதிகாரம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. ஆட்சிப் பொறுப்பு ஜப்பானியக் கடற்படையிடமே தங்கிவிட்டது.

மூன்றாவது காட்சி 1945 அக்டோபரில் நிகழ்ந்தது. ஜப்பானியக் கடற்படைத் துணைத்தளபதி ஹாராவும், தரைப்படை மேஜர் ஜெனரல் சாட்டோவும் இதே ஜிம்கானா மைதானத்தில், 116ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவின் தளபதி சாலமன்ஸிடம் முறைப்படி சரணடைந்தனர். ஆங்கிலேயரின் கேளிக்கைக் களம், இந்தியரின் கொடிமேடை, ஜப்பானியர் படைக்கலம் ஒப்படைத்த இடம் என மூவகை நினைவுகளை ஒரே தரை தாங்கி நிற்பது நம் நாட்டில் அரிதே.

விடுதலைக்குப் பின் மைதானம் விளையாட்டரங்கமாக உருப்பெற்று, நேதாஜியின் பெயரைத் தாங்கியது. கொடியேற்றிய நிகழ்ச்சியின் 75ஆம் ஆண்டு நிறைவு 2018 டிசம்பர் 30ஆம் நாள் இங்கே கொண்டாடப்பட்டது. பிரதமர் நரேந்திர மோடி நினைவு அஞ்சல்தலையையும் நாணயத்தையும் வெளியிட்டார். ராஸ் தீவுக்கு நேதாஜியின் பெயரும், நீல் தீவுக்கு ஷகீத் என்னும் பெயரும், ஹேவ்லாக் தீவுக்கு சுவராஜ் என்னும் பெயரும் அன்று சூட்டப்பட்டன.

பெருகிய மக்கள், பெருகாத நிலம்

1951ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி இத்தீவுகளில் வாழ்ந்தோர் 30,971 பேர். 2011இல் அத்தொகை 3,80,581 ஆயிற்று. அறுபது ஆண்டுகளில் பன்னிரண்டு மடங்கு பெருக்கம்! கிழக்கு வங்கத்திலிருந்து வந்த ஏதிலியர், சிறீமாவோ-சாஸ்திரி உடன்பாட்டின் பின் இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழர், தொழில் நாடி வந்த தெலுங்கர், மலையாளிகள், சோட்டா நாகபுரியினர் எனப் பலரும் சேர்ந்து உருவான சமுதாயம் இது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் மட்டும் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

நிலமோ பெருகவில்லை. மொத்தப் பரப்பான 8,249 சதுர கிலோமீட்டரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் காடு. பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்ட பகுதிகளும் காக்கப்பட வேண்டியவையே. எஞ்சிய சிறுபகுதியில்தான் வீடு, வயல், சாலை, அலுவலகம், பள்ளி அனைத்தும் இடம்பெற வேண்டும். இந்நிலையில் நகரின் நடுவே உள்ள ஒரு மைதானத்தைப் பலரும் நாடுவது இயல்பே.

பொருளாதார நூல்களில் வாய்ப்புச் செலவு என்றொரு கருத்து உண்டு. ஒரு பொருளை ஒரு பயனுக்கு ஈடுபடுத்தும்போது நாம் இழக்கும் மற்றொரு பயனே அதன் உண்மை விலை என்பது அதன் பொருள். அணிவகுப்புக்காக மைதானத்தை ஒருவார காலம் ஒதுக்கினால், கணக்கேட்டில் செலவு எதுவும் பதிவாவதில்லை. ஆனால் அவ்வாரத்தில் பயிற்சி பெற்றிருக்க வேண்டிய சிறுவர் சிறுமியர் அதன் விலையைத் தருகின்றனர்.

நாட்காட்டியைச் சற்று நோக்கினால் இது தெளிவாகும். இத்தீவுகளில் மே மாதம் தொடங்கும் மழை, இரு பருவக்காற்றுகளின் வாயிலாக டிசம்பர் வரை நீடிக்கிறது. ஈரம் குறைந்து, ஆட்டத்துக்கு ஏற்ற தரை கிடைப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையே. குடியரசு தின விழாவும் அதன் ஒத்திகைகளும் அப்பருவத்தின் தொடக்கத்திலேயே அமைந்துவிடுகின்றன. சுதந்திர தினமோ மழைக்காலத்தின் நடுவே வருகிறது. ஈரத்தில் ஊறிய புல்தரையின்மீது அணிகளின் காலணிகளும் ஊர்திகளும் பதியும்போது, மண் இறுகிப் புல்வேர் மூச்சு முட்டுகிறது. அத்தரை பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆகும். விழாக்கள் வேண்டாம் என்று எவரும் கூறார். நேதாஜி கொடியேற்றிய தரையில் சுதந்திர தினம் கொண்டாடுவதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது? ஆயினும் விழாவின் விலையை யார் தருகிறார் என்பதை அறிந்து, அதை ஈடுசெய்வது நிர்வாகத்தின் கடமை.

மழையும் கடலும்

புல்தரை ஆடுகளம் ஒன்றின் உயிர் அதன் வடிகாலில் உள்ளது. முழு அளவிலான கால்பந்துக் களம் 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்டது. பரப்பு 7,140 சதுர மீட்டர். இங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. பெருக்கிப் பார்த்தால், களத்தின்மீது மட்டும் ஓராண்டில் விழும் நீர் 2 கோடியே 14 இலட்சம் லிட்டர் ஆகும். சென்னையில் பெய்வதைப்போல் இருமடங்குக்கும் மேலான மழை இது. இந்நீர் முழுவதும் மண்ணின் வழியே இறங்கி, வடிகாலில் சேர்ந்து, கடலை அடைய வேண்டும்.

கடல் அருகில் இருப்பதால் இவ்வேலை எளிது என்று தோன்றும், உண்மையில் கடினமே. இத்துறைமுகத்தில் பெரும் ஓதத்தின்போது நீர்மட்டம் ஏறத்தாழ இரண்டு மீட்டர் ஏறி இறங்குகிறது. தாழ்ந்த நிலத்தின் வடிகால் வாய், ஓதம் ஏறியிருக்கும்போது அடைபடும். அவ்வேளையில் பெருமழை பெய்தால் நீர் போகும் வழியின்றித் தேங்கும்.

2004 டிசம்பர் 26ஆம் நாளின் நிலநடுக்கம் இச்சிக்கலைக் கூட்டியது. அன்று எழுந்த ஆழிப்பேரலையை அனைவரும் அறிவர். நிலமே அசைந்து இடம் மாறியதைப் பலர் அறியார். வட அந்தமானின் கரைகள் உயர்ந்தன. தென் அந்தமானும் நிக்கோபாரும் தாழ்ந்தன. போர்ட் பிளேர்ப் பகுதி ஏறத்தாழ ஒரு மீட்டர் அளவுக்குத் தாழ்ந்தது. நகரின் புறத்தே உள்ள சிப்பிகாட்டில் விளைநிலங்கள் ஓதநீர் புகுந்து பாழாயின. நிலம் ஒரு மீட்டர் தாழ்வதும் கடல் ஒரு மீட்டர் உயர்வதும் வடிகாலுக்கு ஒன்றே. கடற்கரை மைதானம் எதனையும் பேணுவோர் இவ்வுண்மையை மனத்திற்கொண்டே மதகுகளையும் வடிகால் மட்டத்தையும் அமைத்தல் வேண்டும்.

செயற்கைப் புல்தரை இதற்கு மாற்றாகாதா என்று சிலர் கேட்கலாம். மழையில் அதிக நேரம் ஆட அது இடம் தரும் என்பது மெய்யே. ஆனால் அதற்கும் அடியில் நல்ல வடிகால் வேண்டும். வெயிலில் அது கடுமையாகச் சூடேறும். பத்தாண்டு அளவில் விரிப்பை மாற்ற வேண்டும். ஒவ்வொரு சுருளும் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து வரவேண்டிய இடத்தில், முதற்செலவை மட்டும் பார்த்து முடிவெடுத்தல் தகாது.

நிக்கோபாரின் கால்கள்

இவ்விளையாட்டரங்கம் தலைநகர மக்களுக்கு மட்டும் உரியதன்று. கால்பந்தின்மீது பேரார்வம் கொண்டவர்கள் வாழும் கார் நிக்கோபார், இங்கிருந்து ஏறத்தாழ 270 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. மண்டலேயில் பயின்று திரும்பி, பள்ளியையும் விளையாட்டையும் அத்தீவில் ஒருங்கே வளர்த்தவர் பேராயர் ஜான் ரிச்சர்ட்சன். 1952இல் முதல் மக்களவைக்கு இத்தீவுகளின் உறுப்பினராக நியமிக்கப்பட்டவர் அவரே. அவர் காலந்தொட்டு நிக்கோபாரியர் வாழ்வில் விளையாட்டு பிரிக்கவியலாத பகுதியாயிற்று.

2004ஆம் ஆண்டின் பேரலை அவ்வாழ்வைப் புரட்டிப் போட்டது. 2001இல் 42,068 ஆக இருந்த நிக்கோபார் மாவட்டத்தின் மக்கள்தொகை, 2011இல் 36,842 ஆகக் குறைந்தது. கடற்கரைக் கிராமங்கள் அழிந்து, எஞ்சியோர் தீவின் உட்பகுதியில் குடியமர்ந்தனர். வீட்டோடும் தென்னந்தோப்போடும், மாலைநேரத்தில் ஊர் கூடி ஆடிய கரையோரத் திடல்களும் போயின.

இருப்பினும் அம்மண்ணின் விளையாட்டுத்திறன் அழியவில்லை. பேரலையில் மரத்தைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்த சிறுமி தெபோரா ஹெரால்டு, பின்னாளில் நாட்டின் முன்னணி மிதிவண்டி வீராங்கனையானார். ஈசோ ஆல்பென் 2018இல் ஸ்விட்சர்லாந்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். ஓடுதள மிதிவண்டிப் பந்தயத்தில் இந்தியா பெற்ற முதல் உலகப் பதக்கம் அதுவே. இங்கிலாந்துக் கால்பந்து வீரரின் பெயரைத் தாங்கிய டேவிட் பெக்காம் எல்கடோசூங்கோ என்னும் இளைஞர், கால்பந்தில் தொடங்கி மிதிவண்டிக்கு மாறியவர்.

கால்பந்தை நேசிக்கும் தீவிலிருந்து மிதிவண்டி வீரர்கள் புகழ் பெற்றது ஏன்? மிதிவண்டிப் பந்தயம் தனிவீரரின் ஆட்டம். திறமையுள்ள ஒருவரைக் கண்டறிந்து டெல்லிக்கு அழைத்துச் சென்று பயிற்றுவிக்கலாம். கால்பந்தணியை அவ்வாறு உருவாக்க இயலாது. பதினொருவர் ஓரணியாவதற்கு அவர்கள் சேர்ந்து ஆட வேண்டும், எதிரணி வேண்டும், ஆண்டு முழுதும் பந்தயம் வேண்டும், அனைத்துக்கும் மேலாகச் சொந்த ஊரில் தரை வேண்டும்.

இங்கே கப்பலின் கணக்கும் குறுக்கிடுகிறது. நிக்கோபாரிலிருந்து இருபது பேர் கொண்ட அணியொன்று பந்தயத்துக்காகத் தலைநகர் வந்துள்ளது எனக் கொள்வோம். அரங்கம் வேறொரு நிகழ்ச்சிக்கு ஒதுக்கப்பட்டதால் ஆட்டம் மூன்று நாள் தள்ளிப்போகிறது. உள்ளூர் அணியினர் வீட்டுக்கு நடந்து செல்வர். வெளித்தீவு அணியினரோ தங்கள் கப்பலைத் தவறவிடுவர். இருபது பேருக்கு மூன்று நாள் என்றால் அறுபது ஆள்நாட்களின் உணவும் தங்கலும். அடுத்த கப்பல்வரை நீளும் காத்திருப்பு. மாணவர்களுக்குப் பள்ளி இழப்பு. சமநிலத்தில் சிறிதாகத் தோன்றும் ஒரு தாமதம், தீவுகளில் பன்மடங்காகிறது.

மாலத்தீவு காட்டும் வழி

சிறிய மக்கள்தொகையே நம் குறை என்று சோர்வதற்கில்லை. அண்டை நாடான மாலத்தீவின் குடிமக்கள் ஏறத்தாழ நான்கு இலட்சத்தினரே. அந்தமான் நிக்கோபாரின் அளவுதான். அதன் தலைநகர் மாலே, நிலநெருக்கடியில் போர்ட் பிளேரைவிடப் பன்மடங்கு மிக்கது. ஆயினும் அந்நகரின் நடுவே தேசியக் கால்பந்து அரங்கத்துக்கு இடம் ஒதுக்கிப் பேணி வருகின்றனர். தெற்காசியக் கால்பந்துப் போட்டியின் இறுதியாட்டத்தில் 2008இலும் 2018இலும் அவர்கள் வென்றது இந்திய அணியையே என்பது நாம் சிந்திக்கத்தக்கது.

செய்ய வேண்டுவன

இம்மைதானத்தின் பயனைப் பெருக்கப் பெரும் பொருள் தேவையில்லை, முன்யோசனையே தேவை. முதலாவதாக, விழா, ஒத்திகை, பந்தயம், பயிற்சி, தரைக்கு ஓய்வு ஆகிய அனைத்தையும் காட்டும் ஆண்டு நாட்காட்டியை முன்கூட்டியே வெளியிடலாம். விளையாட்டு நாட்களுக்கென ஒரு குறைந்தபட்ச எண்ணிக்கையை அதில் உறுதி செய்ய வேண்டும். இரண்டாவதாக, வெளித்தீவு அணிகளின் ஆட்டங்களைக் கப்பல் அட்டவணையோடு பொருத்தி அமைக்கலாம். மூன்றாவதாக, அரங்கத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு துறையும் தரையைச் சீர்செய்யும் செலவைத் தன் நிகழ்ச்சிச் செலவிலேயே சேர்க்க வேண்டும். அப்போதுதான் மறைந்திருக்கும் விலை வெளிப்படும். நான்காவதாக, வெளித்தீவுகளில் எளிய, நல்ல வடிகாலுடைய திடல்களை அமைத்தால், தலைநகர அரங்கத்தின் சுமை குறையும். இறுதியாட்டங்கள் மட்டும் இங்கு நடைபெறலாம்.

வரலாற்றைக் காப்பதற்கும் ஒரு வழி உண்டு. பழங்குடியினரின் போரையும், கைதிகளின் உழைப்பையும், 1943, 1945ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளையும் தமிழ் உள்ளிட்ட தீவு மொழிகளில் கூறும் பலகைகளை நுழைவாயிலில் நிறுவினால், ஆடவரும் சிறுவர் தாம் எத்தகைய மண்ணில் கால் பதிக்கிறோம் என்பதை உணர்வர்.

அக்குன்றின் மேல் அடைபட்டுக் கிடந்தோருக்குக் கீழேயிருந்த திடல் எட்டாத வெளியாக இருந்தது. அவர்கள் கனவு கண்ட சுதந்திரத்தை ஆண்டுக்கு இருமுறை அங்கு அணிவகுத்துக் கொண்டாடுகிறோம். ஏனைய நாட்களில் அத்தரை தீவுகளின் பிள்ளைகளுக்குத் திறந்திருக்குமாயின், அக்கொண்டாட்டம் நிறைவு பெறும்.